12 கிலோமீற்றர் உயரக் காற்றும் வானியல் அவதான நிலையத்துக்கான இடத்தெரிவும்

வானியல் அவதான நிலையம் ஒன்றை எங்கே அமைப்பது என்று கேட்டால், இருட்டான சூழல், முகில் குறைந்த வானம், உயரமான மலை என்ற மூன்றையும் பாடசாலைப் பிள்ளையும் சொல்லிவிடும். மூன்றும் சரிதான். ஆனால் இடத்தைத் தெரிவு செய்யும் வானியலாளர்கள் நான்காவதாக ஒன்றையும் பார்க்கிறார்கள்: நிலத்திலிருந்து ஏறத்தாழ 12 கிலோமீற்றர் உயரத்தில் வீசும் காற்றின் வேகம். அந்தக் காற்று தொலைகாட்டியின் கூடாரத்தை அசைப்பதில்லை. அவதானிப்பவரின் முகத்திலும் படுவதில்லை. அவதான நிலையங்கள் இருக்கும் எந்த மலையுச்சியும் அந்த உயரத்தை எட்டுவதில்லை. இருந்தும் அது விண்மீனின் உருவத்தைக் கெடுக்கிறது. எப்படிக் கெடுக்கிறது, அதனால் எந்த இடங்கள் நல்லவையாகவும் எவை தொல்லையானவையாகவும் ஆகின்றன என்பதை மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்து வானத்தையும் சேர்த்து வைத்துப் பார்ப்போம்.

அந்தக் காற்றின் ஓட்டத்தைக் கண்ணால் காண்பதற்கு எங்கள் கரை மிகவும் வசதியானது. ஆடி, ஆவணி மாதங்களில் கச்சான் எனப்படும் மேல்காற்று வீசும் ஒரு பிற்பகலில் கல்லடிக் கடற்கரையில் நின்று தலைக்கு மேலே பார்த்தால், கீழ்மட்டப் பஞ்சு முகில்கள் வாவிப் பக்கமிருந்து கடலை நோக்கி ஓடிக்கொண்டிருக்கும். அவற்றின் இடைவெளிகளுக்கூடாகத் தெரியும் மெல்லிய கீற்று முகில்களை ஒரு மின்கம்பத்தின் உச்சியோடு பொருத்தி வைத்துச் சற்றுப் பொறுமையாகப் பார்த்தால், அவை நேர் எதிராக, கடற்பக்கமிருந்து நிலத்தை நோக்கி நகர்வது தெரியவரும். கீழே மேற்கிலிருந்து வீசும் மேல்காற்று, மேலே கிழக்கிலிருந்து வீசும் கீழ்காற்று. கையை நேராக நீட்டி விரல்களை முட்டியாக மடக்கிப் பிடித்தால் அது வானத்தில் ஏறத்தாழ 10 பாகையை மறைக்கும். 1 கிலோமீற்றர் உயரத்தில் செக்கனுக்கு 8 மீற்றர் வேகத்தில் ஓடும் பஞ்சு முகில் உச்சி வானில் அந்த 10 பாகையை 22 செக்கனில் கடக்கும். 12 கிலோமீற்றர் உயரத்தில் செக்கனுக்கு 30 மீற்றர் வேகத்தில், அதாவது மணிக்கு 108 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் கீற்று முகிலுக்கோ அதே தூரத்தைக் கடக்க 70 செக்கன் வேண்டும். ஆறுதலாக நகர்வது போலத் தோன்றுவதுதான் உண்மையில் பன்மடங்கு விரைவாக ஓடுகிறது. கைக்கடிகாரம் ஒன்று இருந்தால் உயர்தர மாணவர் எவரும் இதை அளந்து பார்க்கலாம்.

காற்றுக்கும் விண்மீனின் ஒளிக்கும் என்ன தொடர்பு? ஒளி வெற்றிடத்திலிருந்து காற்றுக்குள் நுழையும்போது மிகச் சிறிதளவு முறிவடைகிறது. அந்த முறிவின் அளவு காற்றின் அடர்த்தியைப் பொறுத்தது; அடர்த்தியோ வெப்பநிலையைப் பொறுத்தது. கடல் மட்டத்தில் வெப்பநிலை 1 பாகை செல்சியஸ் மாறினால் காற்றின் முறிவுச் சுட்டி ஏறத்தாழப் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு மாறும். 12 கிலோமீற்றர் உயரத்தில் காற்று ஐதாக இருப்பதால் இந்த மாற்றம் அதன் மூன்றிலொரு பங்களவுதான். இவ்வளவு சிறிய மாற்றம் ஒன்றும் செய்யாது என்று நினைக்கத் தோன்றும். ஆனால் ஒளியலையின் நீளமே ஒரு மில்லிமீற்றரின் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. சற்றுச் சூடான காற்றுத் திட்டுகளும் சற்றுக் குளிர்ந்த திட்டுகளும் பல கிலோமீற்றர் தூரத்துக்கு அடுத்தடுத்துக் கிடக்கும்போது, கோடானுகோடி கிலோமீற்றர் தூரம் தட்டையாக வந்த அலைமுகம், அதாவது ஒளியலையின் முன்பரப்பு, கடைசி ஒரு செக்கனின் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில் கசங்கிப்போகிறது.

மட்டக்களப்பு வாவியின் ஆழம் குறைந்த கரையில் முழங்கால் நீரில் நின்று அடியிலுள்ள மணலைப் பார்ப்பவருக்கு இது எளிதில் விளங்கும். நீர் தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால் மேற்பரப்பின் சிற்றலைகள் ஒளியை அங்குமிங்கும் வளைப்பதால் அடியில் கிடக்கும் மட்டிச் சிப்பி ஓரிடத்தில் நில்லாமல் ஆடுகிறது, நீள்கிறது, சில கணங்கள் இரண்டாகவும் தெரிகிறது. இதில் இரண்டு வேறுபட்ட விடயங்கள் உள்ளன. சிற்றலைகள் எவ்வளவு பெரியவை என்பது ஒன்று. அவை எவ்வளவு வேகமாகக் கடந்து செல்கின்றன என்பது இன்னொன்று. முதலாவது, சிப்பி எவ்வளவு தூரம் சிதைந்து தெரியும் என்பதைத் தீர்மானிக்கிறது. இரண்டாவது, அந்தச் சிதைவு எவ்வளவு விரைவில் வேறொரு சிதைவாக மாறும் என்பதைத் தீர்மானிக்கிறது. உயரக் காற்றைப் பற்றிய குழப்பங்களில் பெரும்பாலானவை இவ்விரண்டையும் ஒன்றாகக் கலந்து பேசுவதால் வருபவை.

முதலாவதை வானியலாளர்கள் வில் செக்கன் என்ற அலகில் அளக்கிறார்கள். ஒரு பாகையில் 3600 வில் செக்கன்கள் உண்டு. வியாழன் கோள் வானத்தில் 30 முதல் 50 வில் செக்கன் வரை அகலமாகத் தெரியும். புள்ளியாக இருக்க வேண்டிய விண்மீன் நல்ல மலையுச்சி ஒன்றில் முக்கால் வில் செக்கன் அகலப் பொட்டாகவும், சாதாரண இடங்களில் 2, 3 வில் செக்கன் அகலப் பொட்டாகவும் விரிந்து விடுகிறது. இதே செய்தியை வேறு விதமாகவும் சொல்வதுண்டு: அலைமுகம் கசங்காமல் ஏறத்தாழத் தட்டையாக இருக்கும் திட்டு ஒன்றின் அகலம் எவ்வளவு? 10 சென்ரிமீற்றர் என்றால் பொட்டு 1 வில் செக்கன். 15 சென்ரிமீற்றர் என்றால் 0.67 வில் செக்கன். 8 மீற்றர் விட்டமுள்ள ஆடி கொள்கையளவில் 0.016 வில் செக்கன் நுணுக்கத்தைக் காட்டக்கூடியது. ஆனால் திட்டின் அகலம் 10 சென்ரிமீற்றராக இருக்கும் இரவில், திருத்தம் எதுவும் செய்யாவிட்டால், அந்தப் பெரிய ஆடி கூடுதலான ஒளியைச் சேர்க்குமே தவிர, நுணுக்கத்தில் 10 சென்ரிமீற்றர்த் தொலைகாட்டியை வெல்லாது. பல நூறு கோடி ரூபாய் செலவிட்டுப் பெரிய ஆடி செய்பவர்கள் இடத்தெரிவுக்குப் பல ஆண்டுகளை ஒதுக்குவது இதனால்தான்.

கசங்கல் எங்கே உண்டாகிறது என்பதில் ஒரு பொதுவான தவறான எண்ணம் உண்டு. காற்று வேகமாக ஓடினாலே கொந்தளிப்பு வரும் என்பதில்லை. செக்கனுக்கு 50 மீற்றர் வேகத்தில் ஓடும் தடித்த காற்றுப்படை முழுவதும் ஒரே வேகத்தில் சீராக ஓடினால் அதனுள் கொந்தளிப்புக் குறைவாகவே இருக்கும். தொல்லை வருவது விளிம்புகளில்தான். வேகமாக ஓடும் படைக்கு மேலும் கீழும் மெதுவான காற்று இருக்கிறது. சில நூறு மீற்றர் உயர இடைவெளியில் வேகம் சட்டென மாறும் இடத்தில் படைகள் ஒன்றோடொன்று உராய்ந்து சுருண்டு, வேறுபட்ட வெப்பநிலையுள்ள காற்றை ஒன்றுடன் ஒன்று கலக்கின்றன. வளிமண்டலத்தின் கீழடுக்கான மாறன் மண்டலம் முடிந்து அதற்கு மேலடுக்கான படை மண்டலம் தொடங்கும் எல்லையும் இந்த உயரங்களை அண்டியே இருப்பதால், அங்கே வெப்பநிலையின் போக்கும் மாறுகிறது. கலப்புக்கு வேண்டிய சூடும் குளிரும் அங்கே தாராளமாகக் கிடைக்கின்றன. எனினும் மொத்தக் கசங்கலில் பெரும்பங்கு பல இடங்களில் நிலத்தை ஒட்டிய சில நூறு மீற்றருக்குள்ளேயே நடந்துவிடுகிறது. பகலில் சூடேறிய பாறை, கட்டடம், கூடாரத்தின் உட்காற்று என்பனவெல்லாம் அதற்குக் காரணங்கள்.

அப்படியானால் உயரக் காற்றைப் பற்றி ஏன் இவ்வளவு கவலை? காரணம் இரண்டாவது விடயத்தில், அதாவது வேகத்தில் உள்ளது. கொந்தளிப்பின் உட்கோலம் மாறுவதற்குச் சற்று நேரம் எடுக்கும். அதற்குள் காற்று அந்தக் கோலத்தை அப்படியே தொலைகாட்டிக்குக் குறுக்கே இழுத்துச் சென்றுவிடும். ஆகவே தொலைகாட்டி காணும் சிதைவு எவ்வளவு நேரத்துக்கு மாறாமல் இருக்கும் என்பதை, தட்டையான திட்டின் அகலத்தைக் காற்றின் சராசரி வேகத்தால் வகுத்து, அதை 0.31ஆல் பெருக்கிக் கணிக்கிறார்கள். இங்கே சராசரி என்பது, கொந்தளிப்புள்ள படைகளுக்குக் கூடிய நிறை கொடுத்து எடுக்கப்படுவது. திட்டு 15 சென்ரிமீற்றர், சராசரி வேகம் செக்கனுக்கு 10 மீற்றர் என்றால் விடை ஒரு செக்கனின் ஆயிரத்தில் 4.7 பங்கு. வேகம் இரட்டித்தால் அது 2.3 ஆகக் குறைந்துவிடும். பொட்டின் அகலம் இரண்டு இரவுகளிலும் ஒன்றே. வெறுமனே நீண்ட நேரப் படம் எடுப்பவருக்கு இரண்டும் ஒரே தரமான இரவுகள்தாம். ஆனால் சிதைவைத் திருத்த முயல்பவருக்கு முதல் இரவு வாய்ப்பு, இரண்டாம் இரவு வில்லங்கம்.

சிதைவைத் திருத்தும் யோசனையை 1953இல் முன்வைத்தவர் அமெரிக்க வானியலாளர் ஹொறேஸ் பாப்கொக். அக்காலத்தில் அதைச் செய்து காட்டும் தொழில்நுட்பம் இருக்கவில்லை. இன்று பெரிய தொலைகாட்டிகள் பலவற்றில் அது உண்டு. பிரகாசமான ஒரு விண்மீனை வழிகாட்டியாக வைத்து, அதன் அலைமுகம் எப்படிக் கசங்கியிருக்கிறது என்பதை ஒரு கமரா அளக்கும். கணினி கணித்துச் சொல்லும். பின்புறத்தில் நூற்றுக்கணக்கான சிறு உந்திகள் பொருத்தப்பட்ட மெல்லிய ஆடி அதற்கு எதிரான வடிவத்தில் வளைந்து கசங்கலைச் சமன் செய்யும். இவை எல்லாம் செக்கனுக்கு ஆயிரம் தடவை அளவில் நடக்கின்றன. ஆனாலும் அளப்பதற்கும் ஆடி வளைவதற்கும் இடையில் ஒரு செக்கனின் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு நேரம் கழிந்துவிடும். மேலே காற்று மெதுவாக ஓடினால் அந்தத் தாமதம் பெரிதல்ல. காற்று விரைந்தால், ஆடி வளைந்து முடிக்கும்போது அது திருத்த வந்த கசங்கல் போய்விட்டிருக்கும், வேறொன்று வந்திருக்கும்.

வேகமாக அளந்தால் போகிறது என்று சொல்லலாம். அங்கேதான் அடுத்த சிக்கல். ஒவ்வோர் அளவீட்டுக்கும் கிடைக்கும் நேரம் குறையக் குறைய, அந்த நேரத்துக்குள் வழிகாட்டி விண்மீனிலிருந்து வந்து சேரும் ஒளியும் குறைகிறது. போதிய ஒளி இல்லாமல் கசங்கலைச் சரியாக அளக்க முடியாது. ஆகவே இன்னும் பிரகாசமான விண்மீன் தேவை. பிரகாசமான விண்மீன்கள் வானத்தில் குறைவு. எனவே உயரக் காற்று விரைவாக வீசும் இடத்தில் திருத்தக்கூடிய வானப்பரப்பே சுருங்கிவிடுகிறது. லேசர்க் கற்றையை மேலே அனுப்பிச் செயற்கை வழிகாட்டிப் புள்ளியை உண்டாக்குவது இந்தத் தட்டுப்பாட்டைத் தணிக்கும் வழிகளில் ஒன்று.

காற்று தன் கைவரிசையை நேரடியாகப் படத்திலேயே காட்டிய சந்தர்ப்பமும் உண்டு. சிலி நாட்டின் பரானல் மலையில், வேறு விண்மீன்களைச் சுற்றும் கோள்களைப் படமெடுப்பதற்காக 2014இல் பொருத்தப்பட்ட ஸ்பியர் என்ற கருவி, மைய விண்மீனின் ஒளியை மறைத்துவிட்டு அதன் அருகிலுள்ள மங்கலான புள்ளிகளைத் தேடுகிறது. உயரக் காற்று பலமாக வீசும் இரவுகளில், மறைக்கப்பட்ட விண்மீனின் இரு பக்கமும் வண்ணத்துப்பூச்சிச் சிறகுகள் விரிந்தாற்போன்ற ஓர் ஒளிப்படலம் படங்களில் தோன்றியது. அந்தச் சிறகுகள் நீண்டிருக்கும் திசை 12 கிலோமீற்றர் உயரத்தில் காற்று வீசும் திசையோடு ஒத்துப்போனது. திருத்தத்தின் தாமதம் அந்தத் திசையில் மட்டும் கூடுதலாக எஞ்சுவதே காரணம். தேடும் கோள் அந்தச் சிறகுக்குள் அகப்பட்டால் அது கண்ணில் படாமலே போகலாம்.

உயரப் படைகளுக்கு இன்னொரு குணமும் உண்டு. வானத்தில் 10 வில் செக்கன் தள்ளித் தள்ளி நிற்கும் இரண்டு விண்மீன்களின் ஒளிக்கற்றைகள் 100 மீற்றர் உயரத்தில் வெறும் 5 மில்லிமீற்றர் இடைவெளியில் வருகின்றன. அதாவது ஒரே திட்டுக்கூடாக. ஆனால் 10 கிலோமீற்றர் உயரத்தில் அந்த இடைவெளி 48 சென்ரிமீற்றர். ஒவ்வொன்றும் வெவ்வேறு திட்டுகளுக்கூடாக வருவதால் ஒன்றுக்குச் செய்த திருத்தம் மற்றதற்குப் பொருந்தாது. கண்ணுக்குத் தெரியும் விண்மீனின் மினுக்கலும் பெரும்பாலும் உயரத்திலிருந்தே வருகிறது. கசங்கிய அலைமுகத்தின் வெளிச்சமும் நிழலும் நிலத்தை அடையும்போது சில சென்ரிமீற்றர் அகலக் கோடுகளாகப் பிரிவதற்கு அவற்றுக்கு நீண்ட தூரம் வேண்டும். 10 கிலோமீற்றர் தூரத்தில் அந்த அகலம் ஏறத்தாழ 7 சென்ரிமீற்றர். நமது கண்மணியோ அதைவிட மிகச் சிறியது. ஆகவே நிழற்கோடுகள் கடக்கக் கடக்க விண்மீன் மினுக்கி மினுக்கித் தெரிகிறது. கோள் ஒரு வட்டத்தட்டு என்பதால் அதன் பல பாகங்களின் மினுக்கல்கள் ஒன்றையொன்று சமன் செய்துவிடுகின்றன.

இனி அந்தக் காற்று எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்க்கலாம். நிலநடுக்கோட்டுப் பகுதியில் சூடேறி மேலெழும் காற்று உயரத்தில் துருவங்களை நோக்கிச் செல்கிறது. செல்லச் செல்லப் புவியின் சுழல் அச்சுக்கு அது நெருங்குவதால், புவியை விட வேகமாகக் கிழக்கு நோக்கித் திரும்புகிறது. 30ஆம் பாகை அகலக்கோட்டை அண்டி, 12 கிலோமீற்றர் உயரத்தில், இது மேற்கிலிருந்து கிழக்கே பாயும் ஒடுங்கிய காற்றாறாகிறது. இதையே உபஅயன ஜெட் காற்று என்கிறோம். 1920களில் ஜப்பானின் ததெனோ நிலையத்தில் பலூன்களைப் பறக்கவிட்டு இத்தகைய காற்றை முறையாக அளந்தவர் வசபுரோ ஓயிஷி. உலகம் படிக்கட்டும் என்று 1926இல் அவர் தமது அறிக்கையை, உலகப் பொதுமொழியாக உருவாக்கப்பட்ட எஸ்பெராந்தோ மொழியில் வெளியிட்டார். உலகம் படிக்கவில்லை என்பது வேறு கதை. இரண்டாம் உலகப் போரில் உயரப் பறந்த குண்டுவீச்சு விமானங்கள் அந்தக் காற்றில் அகப்பட்ட பின்னர்தான் அது பரவலாகக் கவனிக்கப்பட்டது.

அதே காற்று 30ஆம் பாகையை அண்டிக் கீழிறங்கும்போது வரண்டு, முகிலைக் கரைத்து, நிலத்தில் பாலைவனங்களை உண்டாக்குகிறது. சிலியின் அற்றகாமா, மெக்சிக்கோவின் மேற்குக் கரை, கனேரித் தீவுகள் ஆகியவற்றில் புகழ்பெற்ற அவதான நிலையங்கள் அமைந்ததற்குக் காரணம் இந்த இறங்கு காற்றுத் தரும் தெளிந்த வானம். ஆனால் வானத்தைத் தெளியவைக்கும் அதே சுழற்சிதான் அந்த அகலக்கோடுகளுக்கு மேலே ஜெட் காற்றையும் ஓட்டுகிறது. முகிலற்ற வானமும் அமைதியான உயரக் காற்றும் ஓரிடத்தில் சேர்ந்து கிடைப்பது அரிது என்பது தற்செயலல்ல. இரண்டையும் ஒரே பொறிமுறை ஆள்கிறது. இடத்தெரிவு என்பது இந்த இரண்டுக்கும் இடையிலான பேரம் என்றே நான் விளங்கிக்கொள்கிறேன்.

பேரத்துக்கு ஓர் அளவுகோல் வேண்டும். கடல் மட்டத்தில் அமுக்கம் ஏறத்தாழ 1013 மில்லிபார். அது 200 மில்லிபாராகக் குறையும் உயரம் 12 கிலோமீற்றர் அளவு. காற்றின் ஐந்தில் நான்கு பங்கு அதற்குக் கீழேயே அடங்கிவிடும். இந்த 200 மில்லிபார் மட்டத்துக் காற்று வேகத்தை வானியலாளர்கள் அளவுகோலாக எடுத்தார்கள். மேலே கூறிய சராசரி வேகத்தை, 200 மில்லிபார் வேகத்தின் 0.4 மடங்கு, நிலமட்டக் காற்றின் வேகம் ஆகிய இரண்டில் எது கூடியதோ அதுவாகக் கொள்ளலாம் என்பது அவர்கள் கண்டறிந்த அண்ணளவான விதி. அதன்படி 200 மில்லிபாரில் செக்கனுக்கு 25 மீற்றர் என்றால் சராசரி 10. 50 என்றால் 20. இதன் பெரிய வசதி, மலையேறிக் கருவி பொருத்தாமலேயே கணக்கிட முடிவது. உலகின் எந்த இடத்துக்கும் 1948 முதலான உயரக் காற்றின் வேகம், பலூன், விமானம், செய்மதி அளவீடுகளைத் திரட்டி மீளக் கணிக்கப்பட்ட தரவுத் தொகுப்புகளில் கிடைக்கிறது. அவ்வாறு எடுக்கப்பட்ட நீண்டகாலச் சராசரி கனேரித் தீவுகளின் லா பால்மாவில் செக்கனுக்கு ஏறத்தாழ 22 மீற்றர், ஹவாயின் மவுனா கியாவில் 24, பரானலில் 30, சிலியின் இன்னொரு அவதான நிலையமான லா சியாவில் 33.

இந்தப் பட்டியலைப் பார்த்தவுடன் பரானலை விட லா பால்மா நல்லது என்று முடிவு கட்டுபவர் அவசரப்படுகிறார். இது ஒரு சல்லடை மட்டுமே. நிலத்தை ஒட்டிய கொந்தளிப்பு, முகில், ஈரப்பதம் எதையும் இந்த எண் சொல்வதில்லை. 2635 மீற்றர் உயரமுள்ள பரானலில் முகிலற்ற இரவுகள் மிகுதி என்பதால் ஜெட் காற்றின் தொல்லையையும் தாங்கிக்கொண்டு அங்கே நான்கு 8.2 மீற்றர்த் தொலைகாட்டிகள் இயங்குகின்றன. அதற்கு அருகே ஆர்மசோனெஸ் மலையில்தான் 39 மீற்றர் ஆடியுள்ள தொலைகாட்டியும் கட்டப்படுகிறது. மறுபுறத்தில், ஜெட் காற்றே எட்டாத அந்தாட்டிக்காவின் டோம் சீ என்ற பனிமேட்டில் 2004இல் வெளியான அளவீடுகள், நிலத்திலிருந்து 30 மீற்றருக்கு மேலே விண்மீன் பொட்டின் அகலம் சராசரியாக 0.27 வில் செக்கன்தான் என்று காட்டின. ஆனால் அந்த 30 மீற்றருக்குள் கொந்தளிப்பு மிகக் கடுமை. குளிரோ சொல்லி மாளாது. அமைதியான உயரக் காற்றுக்கு அங்கே கொடுக்க வேண்டிய விலை அது.

எங்கள் வானத்துக்கு வருவோம். மட்டக்களப்பு 7.7 பாகை வட அகலக்கோட்டில் இருப்பதால் உபஅயன ஜெட் காற்று எங்களை எட்டுவதில்லை. ஆனால் கோடையில் திபெத்திய மேட்டுநிலமும் அதைச் சூழ்ந்த ஆசிய நிலப்பரப்பும் சூடேறும்போது, உயர வளிமண்டலத்தில் வடக்குப் பக்கம் சூடாகவும் நிலநடுக்கோட்டுப் பக்கம் அதைவிடக் குளிராகவும் மாறிவிடுகிறது. வழமைக்கு மாறான இந்த வெப்பநிலைச் சரிவு கிழக்கிலிருந்து மேற்கே பாயும் இன்னொரு ஜெட் காற்றை உண்டாக்குகிறது. அயனக் கீழைக்காற்று ஜெட் எனப்படும் இதை இந்திய வானிலையாளர் கோட்டேஸ்வரம் 1958இல் விளக்கினார். ஜூன் முதல் செப்டெம்பர் வரை, 12 முதல் 16 கிலோமீற்றர் உயரத்தில், தென்னிந்தியாவையும் இலங்கையையும் கடந்து ஆபிரிக்கா வரை இது ஓடுகிறது. ஆடி மாதத்துக் கீற்று முகில்களைக் கடற்பக்கமிருந்து இழுத்து வருவது இதுதான்.

அந்த மாதங்களில்தான் எங்கள் வானமும் தெளிகிறது. தென்மேற்குப் பருவக்காற்று மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, கிழக்கே இறங்கும்போது வரண்ட கச்சானாக, வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரை வயல்வெளிகளைக் கடந்து வருகிறது. பருவக்காற்றின் கீழ்ப்பகுதி வானத்தைத் துடைத்து வைக்க, அதே பருவக்காற்றின் மேற்பகுதி ஜெட் காற்றாகத் திரும்பி ஓடுகிறது. சிலியில் கண்ட பேரம் வேறு உடுப்பில் இங்கேயும் நிற்கிறது. போதாததற்கு, வங்காள விரிகுடாவின் இடிமுகில்களின் தலையிலிருந்து பிய்ந்து வரும் மெல்லிய பனித்துகள் முகிலையும் அந்த ஜெட் எங்கள் தலைக்கு மேலே பரப்பிவிடுகிறது; வெறுங்கண்ணுக்குத் தெளிவாகத் தோன்றும் இரவிலும் நிலவைச் சுற்றி வளையம் தெரிந்தால் அது இந்த முகிலின் வேலை. மார்கழி, தை மாதங்களில் உயரக் காற்றுத் தணிந்துவிடும். ஆனால் அப்போது வடகீழ்ப் பருவ மழையும் முகிலும் வானத்தையே மூடிவிடும். இரண்டுக்கும் நடுவில் மாசிப் பிற்பகுதியிலிருந்து சித்திரை வரையான காலம் எஞ்சுகிறது. பிற்பகல் இடிமுகில்களுக்கு விட்டுக்கொடுத்தாலும், கோள்களை நுணுக்கமாகப் பார்ப்பதற்கு ஆண்டில் சிறந்த இரவுகளை அந்தக் காலத்திலேயே தேட வேண்டும்.

தமிழ்நாட்டின் ஜவ்வாது மலையிலுள்ள காவலூரில் 1986 முதல் 2.3 மீற்றர்த் தொலைகாட்டி ஒன்று இயங்குகிறது. அங்கே தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவங்களும் முகிலோடு வந்து இரவுகளைப் பறித்துக்கொள்வதால் தை முதல் சித்திரை வரையே நல்ல காலம். இந்திய வானியலாளர்கள் பின்னர் இமயமலையின் மழைமறைவில் 4500 மீற்றர் உயரத்திலுள்ள லடாக்கின் ஹன்லேயைத் தேடிப் போனதில் வியப்பில்லை. கிழக்கிலங்கையில், குடும்பிமலையிலோ அம்பாறைக் குன்றுகளிலோ பெரிய அவதான நிலையம் அமைக்கலாமா என்று மாணவர்கள் ஆர்வத்தோடு கேட்பதுண்டு. முடியாது என்பதே நேர்மையான விடை. ஆனால் அதற்கு முதற்காரணம் ஜெட் காற்றல்ல. முகில், ஈரப்பதம், உயரக்குறைவு மூன்றும் அதற்கு முன்னரே தீர்ப்பெழுதிவிடுகின்றன. இலங்கையின் பெரிய தொலைகாட்டிகளில் ஒன்று, ஆதர் சி. கிளார்க் நிறுவகத்துக்கு 1996இல் ஜப்பான் வழங்கிய 45 சென்ரிமீற்றர்த் தொலைகாட்டி, மொறட்டுவையில்தான் இருக்கிறது. மாறும் விண்மீன்களின் ஒளியளவைக் கணிப்பது போன்ற வேலைகளுக்கு இத்தகைய இடமும் போதும்.

படுவான்கரையின் இருட்டில் 15 அல்லது 20 சென்ரிமீற்றர்த் தொலைகாட்டியை வைத்திருப்பவருக்கு இந்த விளக்கம் நேரடியாகப் பயன்படும். அவரது ஆடிக்குக் குறுக்கே ஒன்றிரண்டு திட்டுகள்தான் அடங்கும் என்பதால், எந்தத் திருத்தக் கருவியும் இல்லாமல் அவ்வப்போது முழு நுணுக்கமும் ஒரு கணம் கிடைத்துவிடும். கோள்களை வீடியோவாக எடுத்து, ஆயிரக்கணக்கான படச் சட்டங்களில் நல்லவற்றை மட்டும் பொறுக்கி அடுக்குபவர்கள் அந்தக் கணங்களைத்தான் பிடிக்கிறார்கள். ஆடி மாதத்தில் ஒவ்வொரு சட்டத்துக்கும் கொடுக்கும் நேரத்தை ஒரு செக்கனின் ஆயிரத்தில் 5 பங்களவுக்குக் குறைத்தால் காற்று கோலத்தை இழுத்துச் செல்வதற்குள் படம் பதிந்துவிடும். பங்குனியில் அதை இரட்டிப்பாக்கி, மங்கலான விவரங்களுக்குக் கூடுதல் ஒளி சேர்க்கலாம்.

தொல்லை கீழே இருக்கிறதா மேலே இருக்கிறதா என்பதை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. ஆனி மாத முன்னிரவில் உச்சிக்கு அருகே நிற்கும் சுவாதி விண்மீனைத் தொலைகாட்டியில் எடுத்து, குவியத்தைச் சற்று வெளியே திருப்ப வேண்டும். புள்ளி ஒளிவட்டமாக விரியும். அதன் மேலே வரிவரியான நிழல்கள் கடந்து செல்லும். செக்கனுக்கு 3 மீற்றர் வேகத்தில் நகரும், நிலத்தை ஒட்டிய காற்றின் கோலம் 20 சென்ரிமீற்றர் ஆடியைக் கடக்க ஒரு செக்கனின் ஆயிரத்தில் 70 பங்கு எடுக்கும். அதன் ஓட்டத்தைக் கண் ஓரளவு தொடரும், திசையையும் சொல்லிவிடலாம். செக்கனுக்கு 30 மீற்றர் வேகத்தில் ஓடும் உயரக் காற்றின் கோலம் ஆயிரத்தில் 7 பங்கில் கடந்துவிடும். அதைக் கண் தொடராது, வட்டம் முழுவதும் விறுவிறுவென்று நடுங்குவதாக மட்டுமே தெரியும். மெதுவான கோலம் தெரிந்தால், ஆடி ஆறும்வரை ஒரு மணி நேரம் பொறுப்பதாலும், சீமெந்துத் தரையை விட்டுப் புல்தரைக்கு மாறுவதாலும் பயன் உண்டு. நடுக்கம் மட்டும் தெரிந்தால் இடம் மாற்றுவது வீண். 200 மில்லிபார் காற்று வரைபடத்தை இணையத்தில் திறந்து, எங்கள் கரைக்கு மேலே அந்த வேகம் செக்கனுக்கு 15 மீற்றருக்குக் கீழே இறங்கும் இரவு எது என்று பார்த்துத் தொலைகாட்டியை அன்றைக்கு வெளியே எடுப்பதே கெட்டித்தனம்.